ப்ளஸ் டூ தம்பி, பட்டாளத்துக்குப் போறியா?

எதிர்வீட்டுப் பையன் ப்ளஸ் டூ. "அண்ணே, நான் காமர்ஸ் குரூப். கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில சேர முடியுமா?" என்றான்.

தரைப்படைக்குத் தாராளமா! கடற்படை, விமானப்படைக்குத்தான் ஃபிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் படித்திருக்கணும். ஆனால் 300 மார்க் மேத்ஸ் பரீட்சை எல்லோருக்கும் உண்டு. இங்கிலீஷும் பொது அறிவும் சேர்ந்த தாளுக்கு 600. தப்பான விடைக்கு மார்க் கழிப்பார்கள் (எங்க பாஷையில், டெபிட்!).

நம்ம பசங்க கோட்டை விடுவது அதற்கப்புறம். எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்குத் தனியாக 900 மார்க்! ஐந்து நாள் கூத்து. முதல் நாளே படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு கும்பலில் பேசணும். வாய் திறக்காத சென்டம் பையனுக்கு அன்றைக்கே ரிட்டர்ன் ரயில்.

நம்ம ஆள் வாயாடி. மேத்ஸ்தான் வீக். இரட்டையாய்ப் பிறந்த தங்கச்சியோ மேத்ஸில் புலி. "2022லிருந்து பெண்களையும் சேர்க்கிறாங்கடா" என்றேன். முகம் மாறியது. இப்போது தினமும் தங்கச்சியிடம் ட்யூஷன்.