கணிப்பொறியின் கூடு

இராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி மேற்கே பயணம் செய்வோர்க்கு, தோல் பதனிடும் ஊர் நெருங்குவதைக் கண்ணுக்கு முன்னர் மூக்கே அறிவித்துவிடும். அவ்வூர்களின் சில தெருக்களில் வாழும் பெண்மணிகள் மற்றொன்றையும் அறிவர். புதிதாக வாங்கிய வெள்ளிக் கொலுசு, பிற ஊர்களில் இருப்பதைவிட விரைவாக அங்கே கறுத்துப் போகும். அந்த நாற்றத்துக்கும் இந்தக் கறுப்புக்கும் காரணம் ஒன்றே. அதே காரணம் கணிப்பொறியையும் செயலிழக்கச் செய்யும் என்று சொன்னால், மாணவ நண்பர்களே, உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இப்பகுதியின் தொழிற்கூடம் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். தோல்களைச் சுழற்றும் பெரிய மர உருளைகளுக்கு வேண்டிய நீரையும் மருந்துகளையும் அளந்து விடுவதற்கு அங்கே ஒரு சிறு கணிப்பொறியை அமைத்திருந்தார்கள். அது அடிக்கடி காரணமின்றி நின்றுவிட்டது. கணக்கில் பிழை இல்லை. மின்சாரமும் சீராகவே இருந்தது. இறுதியில் இரும்பு அலமாரியைத் திறந்து உள்ளிருந்த பலகையை உருவிப் பார்த்தபோது, அதன் செம்புக் கோடுகளின் ஓரங்களிலும் வெள்ளி பூசிய இணைப்புகளிலும் கரி படிந்தாற்போல் கறுப்பு ஏறியிருந்தது. புதிய பலகை பொருத்தினார்கள். சில மாதங்களில் அதற்கும் அதே கதி. குற்றம் பொறியில் இல்லை. அதன் கூட்டில் இருந்தது.

கணிப்பொறியின் கூடு என்றால் அழகுக்காகச் செய்த பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். மின்காந்த அலைகள் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் தடுக்க வேண்டும். உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். தூசியும் ஈரமும் தீய வாயுவும் புகாமல் காக்க வேண்டும். ஒரு வேலைக்காகத் திறந்த வழி மற்ற இரண்டுக்கும் பகையாவதே இக்கலையின் சிக்கல்.

முதலில் அலைகளைப் பார்ப்போம். 1836ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, பக்கத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட ஓர் அறையை மரச் சட்டத்தால் அமைத்து, அதைக் கம்பியாலும் உலோகத் தாளாலும் சுற்றி, தாமே அதனுள் புகுந்தார். அறையின் வெளிப்புறத்துக்கு வன்மையான மின்னேற்றம் கொடுத்துப் பொறி பறக்கச் செய்தபோதும், உள்ளே அவர் வைத்திருந்த கருவிகள் எந்த மாறுதலையும் காட்டவில்லை. அலைகளுக்கும் இதுவே பொருந்தும். அலை உலோகச் சுவரில் மோதும்போது சுவரில் மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் அலையை எதிர்த்து அடக்கிவிடுகிறது.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். மத்திய அலை ஏற்கும் சிறு வானொலிப் பெட்டியைப் பாடவிட்டு, எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடுங்கள். பாட்டு அடங்கிவிடும், அல்லது மிகவும் மங்கிவிடும். பின்னர் அதே சம்படத்தில் கைபேசியை வைத்து மூடி, வேறொரு பேசியிலிருந்து அழையுங்கள். பெரும்பாலும் மணி ஒலிக்கும்! சுவர் அதே சுவர்தான், அலைதான் வேறு. 1000 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் 300 மீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸ் கைபேசி அலையின் நீளமோ ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். சம்படத்துக்கும் மூடிக்கும் நடுவே உலோகம் உலோகத்தைத் தொடாத இடுக்கு ஒன்று வளைந்து ஓடுகிறது. மயிரிழை அகலமே ஆனாலும், அதன் நீளம் கைபேசி அலையின் பாதியை எட்டிவிட்டால் போதும். சுவரில் ஓடும் மின்னோட்டம் அவ்விடுக்கைச் சுற்றிப் போக நேரிடுகிறது. அப்போது இடுக்கே ஓர் ஏரியலைப் போல் வேலை செய்து, அலையை உள்ளே விட்டுவிடுகிறது.

ஆகவே நாம் அஞ்ச வேண்டியது துளையின் பரப்பளவை அன்று, அதன் நீளத்தை. கூட்டில் விடும் இடுக்கு எதுவும் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 1000 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒன்றரைச் சென்டிமீட்டர். காற்றுக்காக நீண்ட கீறல் ஒன்று வெட்டுவதைவிடச் சிறு வட்டத் துளைகள் நூறு இடுவது நன்று என்பதும் இதனால்தான். நுண்ணலை அடுப்பின் கதவில் பொடித் துளைகள் நிறைந்த உலோகத் தகட்டைக் காணலாம். ஒளி அதன் வழியே வருகிறது, 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அடுப்பின் அலை வருவதில்லை. எத்துணை நல்ல கூடாயினும், காப்பற்ற கம்பி ஒன்று அதன் சுவரைத் துளைத்து உள்ளே சென்றால், வெளியே உள்ள இரைச்சல் முழுவதையும் அது ஏந்தி வந்து கொட்டிவிடும்.

கணிப்பொறியும் அலைகளை வெளியே உமிழ்கிறது. 1975இல் ஸ்டீவ் டோம்பியர் என்ற அமெரிக்க ஆர்வலர், ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறியின் அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்து, பொறி உமிழ்ந்த அலைகளைக் கொண்டே அதில் இசை எழுப்பிக் காட்டினார். கூடியிருந்தோர் கைகொட்டினர், அண்டை வீட்டாருக்கோ இவ்வகை இரைச்சல் தொல்லையாயிற்று. அமெரிக்க அரசு 1979இல் அலைக்கசிவுக்கு வரம்பு விதித்தது. அவ்வரம்புக்குள் அடங்காத காரணத்தால், 1977இல் வெளிவந்து புகழ்பெற்ற டி.ஆர்.எஸ். 80 கணிப்பொறியின் முதல் மாதிரி 1981இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று நம் நாட்டிலும் கருவிகளின் அலைக்கசிவைச் சோதிக்கும் கூடங்கள் உள்ளன. சென்னையிலுள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் அவற்றுள் ஒன்று.

அப்படியானால் துளையே இல்லாத இரும்புக் கூடு செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வெப்பம் குறுக்கிடுகிறது. கணிப்பொறி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள வண்ணம் பூசிய இரும்புச் சுவர், உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடும்போது ஐந்தரை வாட் அளவே வெளியேற்றும். நூறு வாட் பொறியை அத்தகைய கூட்டில் அடைத்தால் உள்ளே சுமார் 18 டிகிரி ஏறும். வேலூர்க் கோடையில் வெளியே 42 டிகிரி என்றால் கூட்டினுள் 60 டிகிரி! பொறி நெடுநாள் தாங்காது.

துளையிட்டு விசிறி வைத்தாலோ, விசிறி இழுக்கும் காற்றோடு நாம் முதலில் கண்ட பகைவனும் நுழைகிறான். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊறவைக்கிறார்கள். அந்தக் கழிவு நீர் காற்றோட்டமற்ற தொட்டிகளில் தேங்கும்போதும், அமிலக் கழிவோடு கலக்கும்போதும் ஹைடிரஜன் சல்பைடு என்னும் வாயு எழுகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையது. வெள்ளியையும் செம்பையும் அது சல்பைடாக மாற்றிக் கறுக்கச் செய்கிறது. மின்னணுக் கருவிகள் இருக்கும் அறையில், நூறு கோடிப் பங்கு காற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இவ்வாயு இருத்தல் நன்றன்று என்பது சர்வதேச வழக்கு. அதை அளக்கும் முறை எளியது. தூய செம்புத் தகட்டை அறையில் ஒரு மாதம் தொங்கவிட்டு, அதன் மேல் படிந்த படலத்தின் தடிப்பைக் காண்பார்கள். அது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் முப்பது பங்கைத் தாண்டினால் அந்தக் காற்றை நம்பக்கூடாது.

இதற்குச் செய்யத்தக்கவை சில உண்டு. கூட்டை முற்றும் மூடி, உட்காற்றும் வெளிக்காற்றும் கலவாமல் வெப்பத்தை மட்டும் சுவர் வழியே கடத்தும் வெப்பமாற்றியைப் பொருத்தலாம். வாயுவைப் பிடித்துக்கொள்ளும் கரியின் வழியே வடிகட்டிய காற்றை உள்ளே சிறிது அழுத்தத்துடன் செலுத்தினால், இடுக்குகளில் காற்று வெளியேறுமேயன்றி உள்ளே புகாது. பலகையின் மேல் வார்னிஷ் போன்ற காப்புப் பூச்சு இடலாம். ஆயினும் சிலிக்கோன் பூச்சு இவ்வாயுவைத் தன்னூடே செல்லவிடும் என்பதை மறக்கலாகாது.

எனினும் பலரும் கவனியாத இடம் கதவின் விளிம்பு. அங்கே உலோகத்தோடு உலோகம் நன்கு படிந்திருந்தால்தான் மின்னோட்டம் தடையின்றி ஓடும். அழகுக்காக விளிம்பிலும் வண்ணம் பூசிவிட்டால் அந்தத் தொடர்பு அறுகிறது. வண்ணம் பூசாமல் வெறுமனே விட்டாலோ, ஈரமும் வாயுவும் அதை அரித்து, மின்கடத்தாத படலத்தை உண்டாக்குகின்றன. கதவு இறுக மூடியிருப்பதாகக் காவலர் நினைப்பார். அலைக்கோ அது முழ நீளம் திறந்து கிடக்கும். அருகே பெரிய மோட்டார் சுழலத் தொடங்கும்போதெல்லாம் பொறி தடுமாறும். ஆகவே விளிம்பில் அரிப்பைத் தாங்கும் உலோகப் பூச்சும், மின்கடத்தும் மெத்தைப் பட்டையும், வாயு புகாமல் தடுக்கும் இரப்பர்ப் பட்டை ஒன்றும் வேண்டும்.

இவ்வளவும் ஒரு பெட்டிக்கா என்று எண்ணாதீர்கள். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்கூடங்கள் தங்கள் கழிவைச் சுத்திகரித்தே ஆக வேண்டுமென்று தீர்ப்பளித்தது. சுத்திகரிக்கும் நிலையத்தில் தொட்டிகளுக்குக் காற்றூதும் இயந்திரங்களை ஆள்வதும், நச்சு வாயு மிகும்போது மணியடித்து எச்சரிப்பதும் மின்னணுக் கருவிகளே. இவ்வாயு மிகுந்த அளவில் சேர்ந்தால் முகரும் உணர்வையே முதலில் மழுங்கச் செய்து, பின்னர் உயிரையும் பறித்துவிடும். தொட்டியருகே நிற்கும் தொழிலாளி தம் மூக்கை நம்ப இயலாத அந்த வேளையில், அவருக்காக விழித்திருப்பது சுவரில் மாட்டிய சிறு கருவிதான். எந்த வாயுவைக் கண்டு எச்சரிக்க அது அங்கே இருக்கிறதோ, அந்த வாயுவே அதன் பலகையை அரித்துவிடாமல் காப்பது அதன் கூடு.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர்களாகி ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ இத்தகைய கருவியை அமைக்கக்கூடும். அன்று உள்ளே இருக்கும் பொறியின் திறமையை மட்டும் பாராட்டி நின்றுவிடாமல், கதவைத் திறந்து அதன் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.