மறந்தாலும் அவர் அதே ஆள்தானா?

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் அம்மம்மா இப்போது என்னை மாமாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார். ஆனால் காலையில் மீன் கொண்டு வருபவரைத் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்ப மாட்டார். பார்க்க வரும் உறவினர்கள் "பாவம், எல்லாம் மறந்துபோச்சு" என்கிறார்கள். "ஆள் மாறிப்போச்சு" என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஒருவரை நேற்றைய அதே ஆளாக வைத்திருப்பது நினைவுதான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் வாதிட்டார். நமக்கும் அது சரியென்றே படும். ஆனால் நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷோன் நிக்கல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நரம்புகள் சிதையும் நோய் கண்டவர்களின் குடும்பத்தாரிடம், இவர் இன்னும் அதே ஆளாகத் தெரிகிறாரா என்று கேட்டார்கள். "மாறிவிட்டார்" என்ற உணர்வு அதிகமாக இருந்தது, நினைவைத் தின்னும் அல்சைமர் நோயாளிகளின் வீடுகளில் அல்ல. மூளையின் முன்பகுதி சிதைந்து இரக்கமும் நேர்மையும் குலைந்தவர்களின் வீடுகளில்தான். நினைவு போனதை மட்டும் வைத்து ஆள் மாறியதாக உறவுகள் கருதவில்லை. அம்மம்மாவின் தேத்தண்ணி எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சட்டம் குணத்தைப் பார்ப்பதில்லை. 2004 சுனாமியில் மீட்கப்பட்டு, கல்முனை வைத்தியசாலையில் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று அறியப்பட்ட கைக்குழந்தையை ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலக ஊடகங்கள் எழுதின. (அந்த எண்ணிக்கை பின்னர் கேள்விக்குள்ளானது.) குழந்தைக்குச் சொல்ல நினைவில்லை, காட்டக் குணமில்லை. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது; 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் திருகோணமலையிலும் படங்களை ஏந்தி நிற்கிறார்கள். 2009இல் 20 வயதாக இருந்தவன் படத்தில் இன்றும் 20தான். 2016இல் வந்த சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' பெற வழி செய்தது. பரிசோதிக்க உடலில்லை, விசாரிக்க ஆளில்லை. ஆனாலும் அவன் இறந்தவனாகப் பதியப்படுவதில்லை. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று பல தாய்மார் மறுத்ததை வெறும் பிடிவாதமாக நான் பார்க்கவில்லை.

அவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். என்றைக்காவது கிடைக்கும் எலும்பு யாருடையது என்று சொல்ல உறவினரின் மரபணு வேண்டும். தாயிடம் மாதிரி எடுப்பதென்றால், அவர் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.