எலிப் படையும் ஒரு சிறுவனும்: ‘பென்’ படம் சொன்னதும் சொல்லாததும்

மைக்கல் ஜாக்சன் 13 வயதில் பாடிய ‘பென்’ என்ற பாடலை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். நண்பனை நினைத்து உருகும் மென்மையான பாட்டு அது. அந்த நண்பன் ஓர் எலி என்பது பலருக்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பென்’ என்னும் அமெரிக்கத் திகில் படத்துக்காக எழுதப்பட்ட அந்தப் பாடல், அதே ஆண்டில் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. ஆஸ்கார் விருதுக்கும் முன்மொழியப்பட்டது.

படத்தின் கதை எளிமையானது. டேனி இதய நோயுள்ள சிறுவன். ஓடியாட முடியாது. தாயும் அக்காளும் அன்பாக இருந்தாலும் விளையாட ஒரு தோழன் இல்லை. இந்தத் தனிமையில் பென் என்ற எலி அவனுடைய நண்பனாகிறது. அந்தப் பென்தான் ஊரையே நடுங்க வைக்கும் எலிப் படைக்குத் தலைவன். எலிகள் கடைகளைச் சூறையாடுகின்றன, மனிதர்களைக் கொல்கின்றன. காவல்துறையினர் கால்வாய்களுக்குள் இறங்கி அவற்றைத் தீயிட்டு அழிக்கிறார்கள். காயமடைந்த பென் இறுதியில் டேனியிடமே திரும்பி வருகிறது.

இதில் எது கற்பனை, எது உண்மை? அறிவியல் கண்கொண்டு பார்ப்போம்.

எலிகளுக்குத் தளபதி உண்டா?

இல்லை. பழுப்பு எலிகள் கூட்டமாகத்தான் வாழ்கின்றன. கூட்டத்தில் வலிமையான எலிக்கு உணவிலும் இடத்திலும் முன்னுரிமை உண்டு. ஆனால் ஓர் எலி கட்டளையிட, ஆயிரம் எலிகள் அணிவகுத்துப் போவதில்லை. ஒரே இடத்தில் நிறைய எலிகள் சேர்ந்தால், அங்கே உணவும் மறைவிடமும் நிறைய இருக்கின்றன என்றுதான் பொருள்.

எலி மனிதனைத் தாக்குமா?

வளர்ந்த பழுப்பு எலியின் எடை சுமார் 300 கிராம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மனிதனைக் கண்டால் ஓடி ஒளிவதே அதன் இயல்பு. புதிய பொருள் எதையும் அது எளிதில் நெருங்காது. வீட்டில் வைத்த எலிப்பொறியைச் சில நாள்களுக்கு எலி தொடாமலிருப்பது இதனால்தான். பிடித்தாலோ தப்ப வழியில்லாமல் போனாலோ கடிக்கும். தூங்கும் குழந்தைகளையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் இரவில் எலி கடித்ததுண்டு. ஆனால் படத்தில் வருவதுபோல் படைதிரண்டு வேட்டையாடுவதில்லை.

எலி நண்பனாகுமா?

இங்கேதான் படம் உண்மைக்கு நெருங்கி வருகிறது. 1990-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் யாக் பாங்க்செப்பும் அவருடைய குழுவினரும் ஆய்வக எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். எலிகள் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் மீயொலி எழுப்பின. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதால், கருவியின் உதவியோடுதான் அதைக் கேட்க முடிந்தது. ஒன்றோடொன்று விளையாடும்போதும் எலிகள் இதே ஒலியை எழுப்புகின்றன. கிச்சுகிச்சு மூட்டிய கையை அவை தேடித்தேடி வந்தன.

2019-இல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தார்கள். பரிசு உணவு அல்ல, கிச்சுகிச்சும் விளையாட்டும்தான். ஒளியும்போது எலிகள் சத்தமின்றி இருந்தன. உள்ளே தெரியும் பெட்டியைவிட, தெரியாத பெட்டிக்குள் ஒளிவதையே விரும்பின. கண்டுபிடிக்கப்பட்ட பின்பும் ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டன.

2011-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், சிறு குழாயில் அடைபட்ட தன் கூட்டாளியை எலி கதவைத் திறந்து விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட் இருந்தபோதும், பல எலிகள் கூட்டாளியை விடுவித்துச் சாக்லேட்டையும் பகிர்ந்துகொண்டன.

மறுபக்கமும் உண்டு. பால்குடி மறந்ததும் தனிக்கூண்டில் வளர்க்கப்படும் எலிக்குட்டிகள் பயமும் பரபரப்பும் மிகுந்தவையாக வளர்கின்றன. தனிமை எலியையும் பாதிக்கிறது. டேனியின் கதை நம்மைத் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த ஆய்வுகளில் இருந்தவை பல தலைமுறைகளாக ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட எலிகள். சாக்கடையிலிருந்து வரும் எலியை யாரும் கையில் எடுக்கக்கூடாது.

உண்மையான ஆபத்து எங்கே?

படத்தில் நாம் எலியின் பல்லைப் பார்த்துப் பயப்படுகிறோம். நம் நாட்டில் உயிரைப் பறிப்பது எலியின் சிறுநீர். அதில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா இருக்கலாம். அது எலியின் சிறுநீரகத்தில் தங்கியிருக்கும்; பெரும்பாலும் எலிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. சிறுநீர் வழியாக வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நம் தோலிலுள்ள சிறு கீறல், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் புகும். அப்போது எலி அருகில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மலேசியாவில் இந்த எலிச் சிறுநீர் நோய் 2010 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

பொதுவாக 5 முதல் 14 நாள்களில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். டிங்கிக் காய்ச்சல் என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. முற்றினால் மஞ்சள்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு வரை போகும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஆன்டிபயாடிக் மருந்தால் குணப்படுத்தலாம்.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

காலில் காயம் இருந்தால் ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் குளிக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பின் வீட்டைக் கழுவும்போது காலணியும் கையுறையும் அணியுங்கள். பான டின்களை வாய்வைத்துக் குடிக்கும்முன் கழுவுங்கள். குப்பைப் பையை இறுகக் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். சுவரிலுள்ள துளைகளை அடையுங்கள். ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் துளை எலிக்குப் போதும்.

இன்னொன்று மிக முக்கியம். ஆற்றில் குளித்த பிறகோ வெள்ளநீரில் நடந்த பிறகோ ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சரியான சோதனையைச் சரியான நேரத்தில் செய்ய அவருக்கு உதவும்.