துணியில் பதியும் பூஜை மலர்கள்: எந்த அமைச்சகத்தின் பொறுப்பு?

புதுதில்லி: யமுனை நதியில் பூஜைப் பொருள்களை வீசுவோருக்கு ரூ. 5,000 அபராதம் விதிக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் உத்தரவிட்டது. வீசக் கூடாது என்பது சரி. அந்தப் பூக்களை வேறு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகளில் ஒன்று, மலர்களை அப்படியே துணியிலும் தாளிலும் அச்சாகப் பதிப்பது. மும்பை சித்திவிநாயகர் கோயிலில் காணிக்கையாகும் பூக்களைக் கொண்டு அந்நகரப் பட்டறை ஒன்று துணிகளுக்கு வண்ணம் ஏற்றியுள்ளது.

செய்முறை எளியது. படிகார நீரில் ஊறவைத்த துணியை விரித்து, அதன் மீது இதழ்களைப் பரப்பி, இறுகச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறிய பிறகு பிரித்தால் இதழ் இருந்த இடத்தில் அதன் நிறமும் வடிவமும் நிற்கும். பட்டும் கம்பளியும் சாயத்தை எளிதில் ஏற்கும். பருத்திக்கு முதலில் கடுக்காய் நீர் காட்ட வேண்டும். தாளுக்கு ஆவி தேவையில்லை. புதிய பூவைத் தாளின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினாலே சாறு இறங்கி இதழின் நரம்பு வரை பதிந்துவிடும்.

எல்லாப் பூவும் இதற்கு உதவாது. வடக்கே 'கேந்தா' எனப்படும் செண்டுமல்லிதான் இத்தொழிலின் ஆதாரம். அது தரும் மஞ்சள் ஓரளவு நிலைக்கும். இரும்புச் சத்து கலந்த நீரில் நனைத்தால் பாசிப் பச்சையாகும். சிவப்பு ரோஜா ஏமாற்றிவிடும். ஊதா கலந்த சாம்பல் நிறமாக மாறி, வெயில் பட்டால் விரைவில் வெளுக்கும்.

சிக்கல் விற்பனையில்தான் தொடங்குகிறது. 'இயற்கைச் சாயம்' என்ற சொல்லை நம்பி வாங்குபவருக்கு, நிறத்தைப் பிடித்து நிறுத்தப் படிகாரம் பயன்பட்டதா, மயில்துத்தம் பயன்பட்டதா என்பது தெரியாது. பின்னது கழிவுநீரில் கலந்தால், நதியைக் காப்பாற்றப் புறப்பட்ட தொழிலே அதைக் கெடுக்கும். புற்றுநோய் அபாயமுள்ள அசோ சாயங்களை மத்திய அரசு 1990-களில் தடை செய்தது. ஆனால் அந்தத் தடை செயற்கைச் சாயங்களைக் குறித்தது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டதற்கே சான்று. அதன் மீது ஏறிய பூவுக்கு அல்ல. சாங்கானேர், பாக்ரு அச்சுத் துணிகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மலர் அச்சுக்குச் சொந்த ஊர் கிடையாது என்பதால் அந்தக் கதவும் திறக்காது.

கையால் செய்யும் காகிதத்தின் நிலை வேறு. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் ஆதரவு அதற்கு உண்டு. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் அதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இயங்குகிறது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. பருத்தித் துணி வெட்டுகளைக் கூழாக்கி, பூவிதழ்களையும் சேர்த்துத் தாள் செய்யும் பட்டறைகள் அவ்வட்டாரத்தில் உள்ளன. படிகாரம் மிகுந்தால் தாள் நாளடைவில் அமிலமேறி நொறுங்கும் என்பது போன்ற நுட்பங்களைக் கேட்டறிய அங்கே ஓர் இடம் இருக்கிறது. துணியில் பூ பதிக்கும் பெண்களுக்கு அப்படியொரு முகவரி இல்லை.

தில்லியில் கேட்டால் ஒவ்வொரு துறையும் அடுத்த கட்டடத்தைக் காட்டும். துணி ஜவுளி அமைச்சகத்தைச் சேர்ந்தது. கிராமத் தொழில் ஆணையம் சிறு, குறுந்தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. புவிசார் குறியீடு வர்த்தக அமைச்சகத்தின் வசம் உள்ளது. கோயில் குப்பையோ உள்ளாட்சியின் தலையில். கைவினைஞர்களின் குரலாக இருந்த அகில இந்தியக் கைவினை வாரியமும் 2020 ஆகஸ்டில் கலைக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவுக்கும் இத்தொழிலில் பெரும் உழைப்பைக் கேட்பது சாயம் அல்ல. மாலையிலிருந்து நூலையும் ஜரிகையையும் பிளாஸ்டிக்கையும் கையால் பிரிக்க வேண்டும். அதுவும் பூ அழுகுவதற்குள். அந்த வேலைக்கான கூலியை யார் தருவது, கோயிலா, மாநகராட்சியா, பட்டறையா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய கணக்கு.