டி.வி.யில் படம் ஓடுது... சத்தம் வரலையா? மெக்கானிக்கை கூப்பிடும் முன் இதை பாருங்க!

விழுப்புரம்:

வேலை முடிந்து வந்து சீரியல் பார்க்கலாம் என்று டி.வி.யை போட்டால் வெறும் நீல கலர்தான் தெரிகிறது. இல்லாவிட்டால் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. உடனே 'பெட்டி போச்சு' என்று மெக்கானிக்கை தேடி ஓடுகிறோம். 2025-26ம் ஆண்டில் 100 நாள் வேலையின் ஒரு நாள் கூலியே 336 ரூபாய்தான். மெக்கானிக் வந்து ஒரு பட்டனை அழுத்திவிட்டு போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும். பல நேரம் கோளாறு பெட்டியில் இருப்பதே இல்லை.

கரண்ட் கட்டான பிறகு...

2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச கலர் டி.வி. திட்டத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு டி.வி. போனது. அப்போது கேபிள் ஒயரை நேராக பெட்டியின் ஆன்டெனா ஓட்டையில் சொருகினாலே படம் வந்துவிடும். 2017-ல் அரசு கேபிள் டி.வி. இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்க தொடங்கியது. பாக்ஸ் வந்த பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் வழியாகத்தான் படமும் சத்தமும் வருகிறது.

கரண்ட் போய் வந்தால் பழைய பெட்டிகள் பல தானாகவே ஆன்டெனா சேனலுக்கு போய்விடும். நீல கலரோ, புள்ளி புள்ளியாகவோ தெரியும். டி.வி. ரிமோட்டில் 'ஏ.வி.' பட்டனை (புது டி.வி.யில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்') அழுத்தினால் படம் வந்துவிடும். பாக்ஸ் ரிமோட்டில் எவ்வளவு அழுத்தினாலும் இது மாறாது.

படம் உண்டு, சத்தம் இல்லையா?

மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படம் மட்டும் வந்தால் வெள்ளை ஒயர் லூசாகி இருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு ஒயரை கழற்றி, துணியால் துடைத்து மறுபடியும் இறுக்கமாக சொருகுங்கள். டி.வி.க்கு ஒரு வால்யூம், பாக்சுக்கு ஒரு வால்யூம் உண்டு. இரண்டையும் ஏற்றிப் பாருங்கள். எதிலாவது 'மியூட்' விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டவர்களுக்கு சில சேனலில் மட்டும் சத்தம் வராது. பாக்ஸ் மெனுவில் ஆடியோ 'டால்பி' என்று இருந்தால் 'பி.சி.எம்.' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்மார்ட் டி.வி.யில் சத்தம் புளூடூத் ஸ்பீக்கருக்கு போய்க் கொண்டிருக்கலாம். 'சவுண்ட் அவுட்புட்' போய் 'டி.வி. ஸ்பீக்கர்' என்று வையுங்கள்.

எதிலும் சரிவரவில்லையா? பக்கத்து வீட்டு பாக்சை உங்கள் டி.வி.யில் மாட்டிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் உங்கள் பாக்சோ, ஒயரோதான் கோளாறு. கேபிள்காரரிடம் சொன்னால் போதும். அதிலும் வரவில்லை என்றால்தான் டி.வி. மெக்கானிக் வேலை.

இதை மட்டும் செய்யாதீங்க!

2024 டிசம்பர் 1-ந்தேதி காலை வரை பெஞ்சல் புயல் மழை திண்டிவனம் அருகே மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி தண்ணீர் புகுந்த வீட்டில் நனைந்த டி.வி.யை, 'காஞ்சு போச்சே' என்று சுவிட்ச் போடக் கூடாது. மெக்கானிக் பார்த்த பிறகே போட வேண்டும்.

பின்பக்கம் குண்டாக இருக்கும் பழைய பெட்டிக்குள் 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு கரண்ட் இருக்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கி நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியை திறந்தால் உயிருக்கே ஆபத்து. தீய்ந்த வாடை, புகை, 'டப்' என்ற சத்தம் வந்தால் உடனே மெயினை அணையுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னல் வரும் முன்பே பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றி வைத்துவிடுங்கள். மெக்கானிக் வந்தால் என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, மாற்றிய பழைய பாகத்தை கையில் வாங்கிக்கொள்வது நல்லது.