ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு முடிய வேண்டிய சோதனை

ஆண் குழந்தையின் விதைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் கவட்டை வழியாக விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் 2 முதல் 4 பேருக்கு ஒரு விதையோ இரண்டுமோ வழியிலேயே நின்றுவிடுகின்றன. குறைமாதக் குழந்தைகளிடம் இது பல மடங்கு அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ‘போகப் போக இறங்கிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதுவரைக்கும் சரி. ஆறு மாதம் கடந்தால் இறங்குவது அரிது. விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியானது. உள்ளேயே தங்கும் விதையில், பிற்காலத்தில் விந்தணுவைத் தரவேண்டிய தாய்செல்கள் முதல் வயதிலேயே சரியாக முதிராமல் குறையத் தொடங்குகின்றன. அதனால்தான் 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சையை முடிக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே தாமதம்தான் இங்கே நோயைவிடப் பெரிய சிக்கல், அதைத் தடுக்கப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துத் தாய்மார்கள் புதன்கிழமை தடுப்பூசிக்கு எப்படியும் வருகிறார்கள். 14-ஆம் வாரத்தில் ஒருமுறை, ஒன்பதாம் மாதத்தில் மறுமுறை, வெதுவெதுப்பான கையால் கவட்டையிலிருந்து கீழ்நோக்கித் தடவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒன்பதாம் மாதத்திலும் பை காலியாக இருந்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறைக்கு அனுப்பிவிட வேண்டும். ஸ்கேன் எடுத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஸ்கேனில் தெரியாத விதை உள்ளே இருக்கக்கூடும். ஹார்மோன் ஊசியையும் இப்போது பரிந்துரைப்பதில்லை. கவட்டையில் சிறு கீறல் போட்டு, விதையை விடுவித்துப் பைக்குள் இறக்கித் தைப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கைக்கு அகப்படாத விதையை லேப்ராஸ்கோப் மூலம் தேடுவார்கள்.

பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் குடலிறக்க அறுவை செய்துகொண்ட கைக்குழந்தைகளைப் பல நாடுகளில் ஐந்து வயதுவரை தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் அறிவுத்திறனைப் பாதித்ததாகத் தெரியவில்லை. ஒரு விதை போதாதா என்று கேட்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு: ஒரு பக்கம் மட்டும் இறங்காதவர்களில் பெரும்பாலோர் தந்தையாகிறார்கள். ஆனால் இறங்காத விதை முறுக்கிக்கொள்ளலாம், கூடவே குடலிறக்கமும் வரலாம், புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. ஸ்வீடனில் அறுவை செய்துகொண்ட சுமார் 17,000 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியான முடிவில், 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 2.23 மடங்கு, அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு 5.40 மடங்கு. அத்தனை பேரிலும் புற்றுநோய் வந்தவர்கள் 56 பேர்தான் என்பதையும் பெற்றோருக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். பயமுறுத்தி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

செவிலியர்கள் தவறாகக் கணித்துக் கூட்டம் சேராதா? சேரலாம். குளிரிலும் கூச்சத்திலும் மேலேறி, பிடித்து இறக்கினால் பையிலேயே தங்கும் விதைக்கு அறுவை வேண்டாம். ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். அந்த வேறுபாட்டை மருத்துவர் கைவைத்தே சொல்லிவிடுவார். வீணாக ஒருமுறை மதுரைக்குப் பேருந்தேறுவது, பத்து வயதில் பள்ளிப் பரிசோதனையில் கண்டுபிடிப்பதைவிட மேல். அப்படிப் பிந்தியவர்களும் உடனே வரவேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டு விதைகளுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் மட்டும் ஆறு மாதக் கணக்கு செல்லாது; அட்ரீனல் சுரப்பிக் கோளாறாக இருந்து உப்புச்சத்து இழந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அந்தப் பரிசோதனையைப் பிரசவ வார்டிலேயே தொடங்க வேண்டும்.