பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கரிசல் காடு ஒன்றை நம்பிப் பிழைப்பவர் ஒரே ஆள் அல்ல. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். வாரத்துக்கு உழுபவர் இன்னொருவர். அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தையோடு கீதாரி வந்து கிடை போடுவார். தரிசாகக் கிடந்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடச் சிலர் வருவார்கள். அந்தக் காட்டைச் சூரிய மின்நிலையத்துக்காக ஒரு நிறுவனம் வாங்கினாலோ, குத்தகைக்கு எடுத்தாலோ பணம் பட்டாக்காரர் கைக்குப் போகும். மற்றவர்களுக்குக் கம்பிவேலிதான் சேதி சொல்லும்.

ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். 2016-இல் தொடங்கப்பட்ட கமுதி நிலையத்தின் திறன் 648 மெகாவாட். பரப்பு சுமார் 2,500 ஏக்கர். நிலக்கரிப் புகை குறைய இந்த மின்சாரம் தேவைதான். ஆனால் அதற்கான விலையைக் காணி நிலம்கூட இல்லாதவர் தலையில் கட்டுவது எப்படி நியாயமாகும்?

சிக்கல் சட்டத்தின் இடைவெளியில் இருக்கிறது. அரசு நிலம் கையகப்படுத்தினால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று ஆண்டுகளாக அந்த மண்ணை நம்பி வாழும் குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகள் ஆகியோரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. தனியார் பேசி வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை. சூரிய ஒளித்தகடு நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி கட்டாயமில்லை என்பதால், அந்த நடைமுறையில் வரும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடக்காது.

ஆகவே நிலம் கைமாறுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. தமிழ்நாட்டின் 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி, உழுபவர் தன் பெயரைப் பதிவு செய்யக் கோரலாம். வாரம் அளந்த ரசீது, அடங்கல் நகல் போன்றவற்றைப் பத்திரப்படுத்துவது இதற்கு உதவும். நிலம் மேய்க்கால் புறம்போக்கு என்றால் வாதம் இன்னும் வலுவானது: ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத்தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எந்தப் புல எண், என்ன வகைப்பாடு, யாருக்கு அனுமதி என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். வழக்கு என்று வந்தால் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

தடுத்து நிறுத்துவது மட்டுமே வழி என்றில்லை. ஊரே மின்சார முதலாளி ஆகலாம். மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. ஊர்த் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் வருமானமானது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்தார்கள். சூரிய பம்புசெட்டில் பாய்ச்சியது போக மிஞ்சிய மின்சாரத்தை யூனிட் 4.63 ரூபாய்க்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் விற்றார்கள். மின்சாரத்துக்கு விலை கிடைத்தால் வீணாக நிலத்தடி நீரை இறைப்பானேன்?

2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தின் ஒரு பிரிவு, தனி விவசாயிகளோடு கூட்டுறவுகளும் ஊராட்சிகளும் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைக்க இடம் தருகிறது. விளைநிலமானால் தகடுகளைத் தூண்மேல் உயர்த்தி, கீழே வெள்ளாமை தொடர வழிசெய்ய வேண்டும். வாரத்துக்கு உழுபவர் வெளியேற வேண்டியதில்லை.

இதையெல்லாம் பேசும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தனியார் நிலம் விற்பதைச் சபையால் தடுக்க முடியாது. ஆனால் வண்டிப்பாதை, ஓடை, தகடு கழுவும் தண்ணீர், உள்ளூர் ஆட்களுக்கு வேலை ஆகியவை குறித்துத் தீர்மானம் போட்டு, நகலை ஆட்சியருக்கு அனுப்பலாம். அங்கே பேசப் பட்டா வேண்டாம், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். கீதாரி கிடையோடு வெளியூர் போயிருக்கலாம். கூட்டம் என்றைக்கு என்று அவர் வீட்டாரிடம் முன்கூட்டியே யாராவது சொல்லிவைக்க வேண்டும்.